ஒரு தார்ப்பாய், எட்டு முனை, 446 ரூபாய்

12 அடிக்கு 12 அடி தார்ப்பாயின் ஒரு விளிம்பு 3.66 மீட்டர். ஈரத்தில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டால் கூடுவது 7.3 சென்டிமீட்டர், அதாவது நாலு விரல் அகலம். ஆனால் இரண்டு மூலைகளும் முளையில் கட்டுண்டு நகராமல் இருக்கும்போது அந்த நாலு விரலும் நடுவில் தொய்வாகத்தான் இறங்க வேண்டும். இரண்டு முனையில் தொங்கும் கயிற்றுக்குப் போடும் கணக்கை இதற்கும் போட்டால் ஆழம் 32 செ.மீ. வருகிறது. நீட்சி ஒரு பங்கு என்றால் தொய்வு 22 செ.மீ. அரைப் பங்கு என்றாலும் 16. நீட்சி கால்வாசியாகக் குறைந்தால் தொய்வு பாதியாகத்தான் குறையும். வர்க்கமூலத்தின் வேலை இது.

அந்தத் தொய்வில் மழைநீர் தங்கும். ஒரு மீட்டர் அகலம், நடுவில் 5 செ.மீ. ஆழம் என்று ஒரு கிண்ணக்குழி விழுந்தாலே ஏறக்குறைய 20 லிட்டர் நிற்கும். அதாவது 20 கிலோ. அந்த எடை துணியை மேலும் இழுக்கும், குழி பெரிதாகும், இன்னும் தண்ணீர் சேரும். நள்ளிரவில் தார்ப்பாய் தலைமேல் விழுவதற்குக் காற்றை எல்லோரும் குறை சொல்வார்கள். பாதி நேரம் குற்றவாளி இந்த நாலு விரல்தான்.

டென்ஷனர் என்ற பெயரில் விற்கும் சின்னச் சாமான்கள் இதற்காகத்தான் வந்தன. முடிச்சை அவிழ்க்காமல் இழுகயிற்றை இறுக்க, தளர்த்த உதவும் பிளாஸ்டிக் பூட்டு, அலுமினியக் கொக்கி, பல்வைத்த கிளிப். கடைப் பக்கங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்தான் பெரிதாக இருக்கிறது. வாங்குகிறவர்களும் அந்த எண்ணை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் கணக்கைத் தார்ப்பாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஓர் இரவில் எத்தனை முறை இறுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தீர்மானிப்பது துணி.

ஹாமக் என்கிற தொங்கு படுக்கைக்கு மேல் கட்ட இரண்டு வகை தார்ப்பாய் கிடைக்கிறது. ஒன்று ஊர்ப்பக்கம் நெல் காயப்போடுவது முதல் லாரி மூடுவதுவரை எல்லாவற்றுக்கும் ஆகும் பாலிஎத்திலீன் பாய், அடிக்கணக்கிலும் ஜி.எஸ்.எம். கணக்கிலும் விற்பார்கள். 120 ஜி.எஸ்.எம். என்றால் சதுர மீட்டருக்கு 120 கிராம். 12×12 அடி என்பது 13.4 சதுர மீட்டர், ஆக 1.6 கிலோ. மற்றது மலையேறுகிறவர்கள் தேடும் சிலிகோன் பூசிய நைலான். சதுர மீட்டருக்கு 50 கிராம் என்று வைத்தால் 670 கிராம். வித்தியாசம் 930 கிராம். முதுகில் சுமக்கிறவருக்கு அது பெரிய எண்தான்.

ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும். குடித்தால் நீளும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று மேலே போட்ட கணக்கெல்லாம் அதற்குத்தான். பாலிஎத்திலீன் தண்ணீரை உறிஞ்சாது; ஈரத்தில் அதன் அளவு அப்படியே இருக்கும். ஆக விலை குறைந்த பாய்க்கு டென்ஷனர் தேவை குறைவு, விலை கூடிய துணிக்குத் தேவை அதிகம். நைலானைக் கட்டிய அரைமணி நேரத்தில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை, மழை பிடித்தபின் ஒரு முறை என்று மூன்று சுற்று இறுக்க வேண்டும். சுற்றுக்கு ஆறு கயிறு, 18 இழுப்பு. பாலிஎத்திலீனுக்கு ஒரு சுற்று, 6 இழுப்பு. பாலியெஸ்டர் துணிக்கும் சிலிகோன் பூசி விற்கிறார்கள். அது நைலான் அளவுக்கு ஈரத்தில் தளராது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அதுவே என் தேர்வு, கையில் காசிருந்தால்.

12 அடி ஏன் என்று ஒரு கேள்வி வரும். ஹாமக் துணி 11 அடி, அதாவது 3.35 மீட்டர் என்றால், அதன் இரு முனைகளுக்கும் நடுவே துணி நீளத்தில் 83 விழுக்காடு இருக்கும்படி கட்டுவது வழக்கம். 2.78 மீட்டர் வரும். 10 அடிப் பாய் போட்டால் தலைப்பக்கமும் கால்பக்கமும் மிஞ்சுவது 13 செ.மீ. மட்டும். சாய்ந்து அடிக்கும் சாரலுக்கு அது போதாது. 12 அடிக்கு 44 செ.மீ. மிஞ்சும்.

இனி கயிறு எத்தனை மீட்டர்? கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம், உரிமையாளர் அனுமதியோடு. காப்புக்காட்டுக்குள் கட்டுவது வேறு விவகாரம், வனத்துறை கேட்கும். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் இரண்டு, இடைவெளி 4.5 மீட்டர், அடிமரம் 25 செ.மீ. தடிமன். ஒரு மரத்தைச் சுற்றிவர 80 செ.மீ. வேண்டும். பாயின் முகட்டைத் தாங்க இரு மரங்களுக்கும் நடுவே கட்டும் முகட்டுக் கயிற்றுக்கு இடைவெளி 4.5, இரு மரச் சுற்று 1.6, இழுத்துக் கட்ட 1 மீட்டர், அடுத்த தோட்டத்தில் மரம் தள்ளியிருந்தால் கையிருப்பு 0.9, மொத்தம் 8 மீட்டர். நாலு மூலைக்கும் பக்கவாட்டு நடுக்கண்ணிகள் இரண்டுக்கும் தலா 2 மீட்டர், ஆக 12. முகட்டுக் கயிற்றின்மேல் பாயை நகர்த்தி நிறுத்த இரண்டு சிறு வளையங்கள், தலா 60 செ.மீ. எல்லாம் சேர்த்து 21.2 மீட்டர். கட்டுமுனைகள் எட்டு: முகட்டுக்கு இரண்டு, தரைக்கு ஆறு.

பாராகார்டு என்று விற்கும் 4 மி.மீ. நைலான் கயிற்றின் மூன்றாம் வகைக்கு அமெரிக்க ராணுவ விவரக்குறிப்பு சொல்வது: 550 பவுண்டு தாங்க வேண்டும், பவுண்டுக்குக் குறைந்தது 225 அடி வரவேண்டும், அறுமுன் குறைந்தது 30 விழுக்காடு நீளவேண்டும். நம் கணக்கில் சுமார் 250 கிலோ தாங்கும், மீட்டருக்கு 6.6 கிராம். நீட்சி அதிகம் வேண்டும் என்று வான்குடை வீரருக்காகக் கேட்டார்கள். வான்குடை சட்டென்று விரியும்போது அந்த நீட்சிதான் உதறலை வாங்கிக்கொள்கிறது. தார்ப்பாய்க்கு அது வேண்டாத குணம். டைனீமா போன்ற உயர்வலுப் பாலிஎத்திலீன் நூலில் பின்னிய 1.75 மி.மீ. கயிறு மீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராம், நீட்சி மிகக் குறைவு, தண்ணீர் குடிக்காது. 21.2 மீட்டருக்குப் பாராகார்டு 140 கிராம், மெல்லிய கயிறு 32 கிராம்.

மெல்லிய கயிற்றின் கணக்கு இங்கேதான் சிக்கலாகிறது. அது வழுக்கும். 4 மி.மீ. கயிற்றில் கைக்கு எளிதாக வரும் நகர்முடிச்சு, அதாவது முளையைச் சுற்றி வந்து, நேர்க்கயிற்றின் மேல் உள்பக்கம் இரண்டு சுற்று, வெளிப்பக்கம் ஒரு சுற்று போட்டு முடிக்கும் கட்டு, பாராகார்டில் கச்சிதமாகப் பிடிக்கும். 1944இல் வந்த ஆஷ்லியின் முடிச்சுப் புத்தகத்தில் 1800ஆம் எண் இது. கையால் நகர்த்தினால் நகரும், இழுவை வந்தால் நிற்கும். இதே முடிச்சை மெல்லிய டைனீமாவில் போட்டால் மெல்ல மெல்ல வழுக்கி, விடியும்போது பாய் தொங்கிக்கிடக்கும். ஆக மெல்லிய கயிறு வாங்கியவர் பல்வைத்த டென்ஷனரையும் வாங்கியே ஆகவேண்டும். தடித்த கயிறு வாங்கியவருக்கு அது விருப்பம். காற்றின் வேகம், தாங்கும் கிலோ எல்லாம் பிறகு. கயிற்றுக்குப் பணம் கொடுக்கும்போதே டென்ஷனர் செலவு முடிவாகிவிடுகிறது.

காற்றின் கணக்கையும் பார்த்துவிடலாம். காற்று ஒரு பரப்பில் செலுத்தும் அழுத்தம், வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.613ஆல் பெருக்கினால் கிடைக்கும். கூரைபோல் கட்டிய பாயின் ஒரு சரிவு 1.83 க்கு 3.66 மீட்டர், 6.7 சதுர மீட்டர். காற்று நேர்க்குத்தாக முழுப் பரப்பிலும் மோதுவதாகவே கொள்வோம். சரிவில் உண்மையில் குறையும், ஆனால் கூட்டிப் போட்ட கணக்கு பாதுகாப்பானது. பாதிச் சுமை முகட்டுக்கு, பாதி கீழ் விளிம்புக்கு. கீழ் விளிம்பின் மூன்று கட்டில் நடுக்கட்டு பாதியை வாங்கும், மூலைகள் கால் கால்.

மணிக்கு 36 கி.மீ. காற்றில் முழுச் சரிவின்மேல் 42 கிலோ. நடுக்கட்டுக்கு 10.5, மூலைக்கு 5 சொச்சம். 54 கி.மீ. என்றால் முழுச் சரிவில் 94, நடுக்கட்டில் 23.5, மூலையில் 12. 72 கி.மீ. என்றால் 167, நடுவில் 42, மூலையில் 21. வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 54 கி.மீ. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலக் காற்று, 72 கி.மீ. புயல். புயலில் மரத்தடியில் ஹாமக் கட்டிப் படுப்பவருக்கு டென்ஷனர் ஆலோசனை சொல்லிப் பயனில்லை.

இதை டென்ஷனர்கள் பக்கம் வைத்துப் பார்க்கலாம். நைட் ஐஸ் நிறுவனத்தின் ஃபிகர் 9 அலுமினியக் கொக்கியில் சிறியதற்கு 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ வரம்பு. பெரியதற்கு 150 பவுண்டு, 68 கிலோ. சிறியது மூலைக்குத் தாராளம். நடுக்கட்டில் 54 கி.மீ. காற்றுக்கே வரம்பைத் தாண்டிவிடுகிறது. கயிறு அறுமா? அறாது. முடிச்சில் கயிற்றின் பலம் பாதியாகப் போனாலும் பாராகார்டு 125 கிலோ தாங்கும். உண்மையில் முதலில் தோற்பது இரண்டும் இல்லை, முளைதான். காப்பித் தோட்டத்தின் உதிர்ந்த இலைமண் மழையில் ஊறினால் ஒரு சாண் முளையைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். 68 கிலோ தாங்கும் கொக்கியை அந்த முளையில் மாட்டுவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததேயில்லை. வேர், மரம், பாறை எதிலாவது கட்ட வழியிருந்தால் அதில் கட்டுவது எந்த டென்ஷனரையும்விட மேல்.

அலுமினியக் கொக்கிக்கு ஒரே ஒரு இடத்தில் மரியாதை கொடுக்கிறேன்: முகட்டுக் கயிற்றின் ஒரு முனை. நடுவில் ஒரு கிலோ ஈரத்துணியோ விளக்கோ தொங்கினால், 5 மீட்டர் கயிறு 10 செ.மீ. மட்டும் தொய்ய வேண்டும் என்றால் அதில் 12.5 கிலோ விறைப்பு இருக்கவேண்டும். இதைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருட்டில் முடிச்சுப் போடுவது சிரமம். லாரி லோடு கட்டுகிறவர்கள் கயிற்றின் நடுவில் ஒரு கண் விட்டு, அதற்குள் திருப்பி இழுத்து இறுக்கும் கட்டு இதற்குத் தெரிந்த வழி. கணக்குப்படி மூன்று மடங்கு பலன், ஆனால் கயிற்றின்மேல் கயிறு உராய்வதால் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு மடங்கைக்கூட எட்டாது. அதுவே போதும். பழகிய கைக்குக் கொக்கி வேண்டாம். விரல் விறைக்கும் குளிரில் கட்டவேண்டியவருக்கு ஒன்று இருக்கலாம். மறுமுனைக்கு டென்ஷனர் தேவையே இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் இரு பக்கமும் இறுகும். பாயை அங்கே இங்கே நகர்த்த, ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் அறிமுகப்படுத்திய வளையமுடிச்சு இரண்டு போதும். ஒரு நிபந்தனை, வளையக் கயிறு முகட்டுக் கயிற்றைவிட மெல்லியதாக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே தடிமன் என்றால் பிடிப்பு குறையும்.

பிளாஸ்டிக் பூட்டுகள் மலிவு, ஒன்று ஒன்றிரண்டு கிராம். பலவும் 2 முதல் 3 மி.மீ. கயிற்றுக்கென வார்த்தவை. அதற்கு மெலிந்த கயிற்றைப் போட்டால் பிடிக்காது, தடித்ததைப் போட்டால் நுழையாது. 4 மி.மீ. பாராகார்டை வாங்கி வைத்துவிட்டு இதைத் தேடுவது வீண் செலவு. அடிக்கடி திறந்து மூடும் இடம் பக்கவாட்டு நடுக்கட்டு. ஏறி இறங்க, சமைக்க, காற்று வாங்க என்று அதைத்தான் தளர்த்துவோம். ஆகவே இரண்டே இரண்டு பூட்டு அங்கே.

மிச்சம் நான்கு மூலைகள். ஈரத்தில் தளர்ந்து தொல்லை தருவது பெரும்பாலும் இவைதான், இதற்கு மிகச் சரியான டென்ஷனர் பஞ்சர் கடையில் சும்மா கிடைக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு. சும்மா கிடக்கையில் 10 செ.மீ. இருக்கும் துண்டை முளைக்கும் கயிற்றுக்கும் நடுவே கட்டி 15 செ.மீ. வரை இழுத்துவிட்டால், உள்ளே 5 செ.மீ. சேமிப்பு இருக்கிறது. ஒரு விளிம்பின் இரு மூலைக்கும் சேர்த்து 10. நைலான் இரண்டு பங்கு நீண்டால் தேவை 7.3. துணி தளரத் தளர ரப்பர் தானாகச் சுருங்கி அதை வாங்கிக்கொள்ளும். இழுவை முன்பைவிடக் குறையும், ஆனால் 32 செ.மீ. குழி விழாது. 18 இழுப்பு ஆறாகிவிடுகிறது. ரப்பருக்கு இணையாக 18 செ.மீ. கயிறு ஒன்றையும் கட்டிவிடவேண்டும். பலத்த காற்று வீசும்போது ரப்பர் அதற்கு மேல் நீளாமல் அந்தக் கயிறு சுமையை ஏற்கும். இல்லையென்றால் பாய் படபடத்துக் கண்ணி பிய்ந்துவிடும். சில விற்பனைத் தொகுப்புகளில் இதே ஏற்பாடு எலாஸ்டிக் கயிற்றோடு வருகிறது, விலையோடு.

இனி பில். விலை கடைக்குக் கடை மாறும். கீழே உள்ளவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், அந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம். பாராகார்டு மீட்டர் 10 ரூபாய், 3 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் 8, மெல்லிய டைனீமா 30. பிளாஸ்டிக் பூட்டு ஒன்று 25, அலுமினியக் கொக்கி 200.

முழுக்கப் பாராகார்டு, எல்லாம் முடிச்சு: 21.2 × 10 = 212 ரூபாய். எடை 140 கிராம்.

மெல்லிய கயிறு, ஏழு முனைக்கு அந்தக் கயிற்றுக்கு ஏற்ற பிளாஸ்டிக் பூட்டு: 636 + 175 = 811 ரூபாய். எடை 32 + 14 = 46 கிராம்.

மெல்லிய கயிறு, ஏழு முனைக்கும் அலுமினியம்: 636 + 1,400 = 2,036 ரூபாய்.

கலவை: பாலியெஸ்டர் 20 மீட்டர் 160, வளையத்துக்கு மெல்லிய கயிறு 1.2 மீட்டர் 36, முகட்டில் கொக்கி ஒன்று 200, நடுக்கட்டில் பூட்டு இரண்டு 50, மூலைக்கு டியூப் துண்டு நான்கு 0. ஆக 446 ரூபாய்.

முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகக் கூடுதல் 599 ரூபாய், குறைவது 94 கிராம். கிராமுக்கு 6 ரூபாய் 37 காசு. தார்ப்பாயை மாற்றினால் குறைவது 930 கிராம் என்பது நினைவிருக்கட்டும். 1.6 கிலோ பாயைச் சுமந்துகொண்டு கயிற்றில் 94 கிராம் குறைப்பதில் அர்த்தமில்லை. ஒருவரிடம் இலேசான பாய் ஏற்கெனவே இருக்கிறது, மூன்று நாள் நடக்கிறார் என்றால் இரண்டாவது பில் நியாயம். தோட்டம்வரை ஜீப் போகும் என்றால் நாலாவது. மூன்றாவது பில்லுக்கு யாரிடமும் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பதைத் தவிர. அதில் ஒரு கொக்கி இலைச்சருகில் விழுந்து தொலைந்தால் 20 மீட்டர் பாராகார்டு போனதற்குச் சமம்.

நேரத்தையும் பணமாக்கிப் பார்ப்பவர்களுக்கு: அவிழ்த்துக் கட்ட 20 வினாடி, நகர்த்த 5 வினாடி என்று வைத்தால், பத்து இரவில் நைலான் பாயின் 180 இழுப்புக்கு மிச்சமாவது 45 நிமிடம். ஆனால் நகர்முடிச்சும் அதே 5 வினாடியில் நகர்கிறது. ஆக இந்த 45 நிமிடத்தைத் தருவது முடிச்சு தெரிந்த கை. சாமானுக்கு அதில் பங்கில்லை.

கடைசியாக, இதுவரை சொன்ன எந்த டென்ஷனரும் ஹாமக்கைத் தாங்கும் கயிற்றுக்கு ஆகாது. 80 கிலோ எடையுள்ளவர் படுத்தால், ஹாமக்கை மரத்தோடு இணைக்கும் பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கும்போது இருபக்கமும் தலா 80 கிலோ இழுவை. 45 பாகையில் 57. 20 பாகையில் 117. 10 பாகையில் 230. விறைப்பாக இருந்தால் முதுகுக்கு நல்லது என்று நினைத்து 5 பாகைக்கு இழுத்துக் கட்டினால் 459 கிலோ. பெரிய அலுமினியக் கொக்கியின் 68 கிலோ என்ற எண் இங்கேதான் ஆளை ஏமாற்றும். அசையாமல் படுத்திருந்தாலே 80, தொப்பென்று உட்கார்ந்தால் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். இந்த இடத்துக்கு 25 மி.மீ. பாலியெஸ்டர் பட்டையும், தனக்குள்ளேயே நுழைத்து நீளம் மாற்றும் பின்னல் கயிறும்தான். ஓர் அங்குலத்தில் 64இல் 7 பங்கு தடிமனுள்ள ஆம்ஸ்டீல் என்ற அத்தகைய பின்னல் கயிறு சராசரியாக 1,600 பவுண்டு, சுமார் 725 கிலோ தாங்கும். 30 பாகையில் ஒன்பது மடங்குப் பாதுகாப்பு, 10 பாகையில் மூன்று மடங்குதான்.

நம் தோட்டக் கணக்கில், 4.5 மீட்டர் இடைவெளியில் ஹாமக்கின் முனைகளுக்கு நடுவே 2.78 போனால் இருபக்கமும் மிஞ்சுவது 86 செ.மீ. 30 பாகைக்கு அதில் 50 செ.மீ. மேலேறவேண்டும். நாற்காலி உயரத்தில் உட்கார, பட்டையை மரத்தில் கிட்டத்தட்ட 6 அடியில் கட்டவேண்டிவரும். அங்கே 80 கிலோ இழுவையில் 3 மி.மீ. கயிறு மரப்பட்டையை அழுத்துவது சதுர செ.மீ.க்கு 21 கிலோ, 25 மி.மீ. பட்டை அழுத்துவது இரண்டரை கிலோ. சில்வர் ஓக்கில் பெரும்பாலும் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள், அதற்கு இரண்டரை கிலோவே அதிகம். கொடி ஏறாத மரமாகப் பார்த்துக் கட்டினால் தோட்டக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்காது.